பவர் பேங்க் ஏன் கைப்பையில்தான் வர வேண்டும்?

கூரிய கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏற முடியாது. அதைப் பெரிய பயணப்பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும். பவர் பேங்குக்கு விதி நேர்மாறு. பெரிய பெட்டியில் வைத்திருந்தால், "வெளியே எடுங்கள், கைப்பையில் வையுங்கள்" என்று முகப்பிலேயே ஊழியர் சொல்லிவிடுவார். தீப்பிடிக்கக்கூடிய பொருளைப் பயணிகள் உட்காரும் இடத்துக்கே கொண்டுவரச் சொல்கிறார்களே, இது என்ன விநோதம்?

விடை அந்த மின்கலத்தின் உள்ளே இருக்கிறது. லித்தியம் அயனி மின்கலத்தில் நேர்மின்முனைக்கும் எதிர்மின்முனைக்கும் நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று உண்டு. சுற்றிலும் இருக்கும் மின்பகுதிரவம் எளிதில் தீப்பற்றும் கரிமச் சேர்மம். கீழே விழுந்து நசுங்கினாலோ தயாரிப்பில் குறை இருந்தாலோ தடுப்பு கிழிந்து இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும். உடனே அந்த இடம் சூடாகும். ஏறத்தாழ 130 டிகிரி செல்சியசில் தடுப்பே உருகத் தொடங்கும். வெப்பம் வேதிவினையை வேகப்படுத்துகிறது; வேகமான வினை இன்னும் அதிக வெப்பத்தைத் தருகிறது. இப்படிக் கட்டுமீறிப் போகும்போது, நேர்மின்முனையிலுள்ள உலோக ஆக்சைடு சிதைந்து ஆக்சிஜனையும் வெளியிடும். எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் என்று தீக்கு வேண்டிய மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்துவிடுகின்றன.

இப்போது இது சரக்கு அறையில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பயணிகள் விமானங்களின் சரக்கு அறையில் ஹாலோன் என்ற வாயுவைப் பாய்ச்சித் தீயை அடக்குவார்கள். அது சுவாலையின் வேதிவினையை அறுக்கும். ஆனால் மின்கலத்தைக் குளிர்விக்காது. சுவாலை அடங்கினாலும் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போய், பக்கத்து மின்கலத்துக்கும் தாவலாம். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். வங்காள விரிகுடாவின் மேல் பறக்கும்போது யாரும் கீழே இறங்கிப் போய் ஒரு பெட்டியைத் தேடித் திறக்க முடியாது.

பயணிகள் அறையில் நடந்தால் புகை உடனே கண்ணில் படும். பணியாளர்கள் முதலில் தீயணைப்பானால் சுவாலையை அடக்கி, பிறகு மின்கலத்தின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். "லித்தியத்தில் தண்ணீர் பட்டால் ஆபத்தாயிற்றே" என்று வேதியியல் படித்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இவ்வகை மின்கலத்தில் லித்தியம் பெரும்பாலும் தனி உலோகமாக இல்லை, அயனியாக இருக்கிறது; அங்கே அவசரத் தேவை குளிர்விப்பதுதான். பனிக்கட்டியைக் குவித்து மூடக் கூடாது. அது போர்வைபோல் வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

2010 செப்டம்பரில் துபாயிலிருந்து புறப்பட்ட ஒரு போயிங் 747 சரக்கு விமானத்தில், லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்கில் தீ பிடித்தது. புகை விமானி அறையை நிறைத்து, கருவிகளைக்கூடப் பார்க்க முடியாமல் போயிற்று. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் எரிந்தது. தரையிலேயே நின்றதால் எல்லாரும் உயிர் தப்பினர். இருக்கைக்கு மேலுள்ள பெட்டியில் இருந்த ஒரு பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறினர். இதனால்தான் பல நிறுவனங்கள் அதை மேலே வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை விதித்தது.

எவ்வளவு பெரியது கொண்டுபோகலாம்? பொது வரம்பு 100 வாட்-மணி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிக்கு அனுமதி இல்லை. உறையில் மில்லி ஆம்பியர்-மணி மட்டும் இருந்தால், அதை 1,000ஆல் வகுத்து மின்னழுத்தத்தால் பெருக்குங்கள். பலர் யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட்டைப் போட்டுப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். போட வேண்டியது மின்கலத்தின் 3.7 வோல்ட். 20,000 என்றால் 20 × 3.7 = 74 வாட்-மணி. 30,000 என்றால் 111. அனுமதி கேட்க வேண்டும். கடைகளில் 26,800 என்ற விசித்திரமான எண் ஏன் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

74 வாட்-மணி என்பது 2,66,400 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு மேல் சூடாக்க அது போதும். மின்பகுதிரவம் எரிவதால் வரும் வெப்பம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இன்னொன்று. பயணத்தின்போது கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால், இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடாதீர்கள், பணியாளரைக் கூப்பிடுங்கள். இருக்கையின் இரும்புப் பொறி கைப்பேசியை நசுக்கினால் முதலில் கிழிவது அந்த மெல்லிய தடுப்புதான்.