கம்பம் பள்ளத்தாக்கும் வாக்காளர் அட்டை முகமும்

இடுக்கி மலையில் சக்குபள்ளம், அணக்கரை பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் என்னிடம் வரும் டச்சப் வேலைகளில் பெரும்பகுதி இறந்தவர்களுடையது. ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறிய குடும்பங்களில் தாத்தாவைத் தனியாக நிறுத்திப் படமெடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. காரியத்துக்குள் படம் வேண்டும். கையில் இருப்பதோ வாக்காளர் அட்டை, இல்லையென்றால் ஏதோ கல்யாணப் பந்தியின் ஓரத்தில் விழுந்த முகம். "அண்ணே, சட்டைய மாத்தி, பின்னாடி நல்ல சீனரியா வச்சுக் குடுத்திருங்க" என்பார்கள்.

வேலை பழக வரும் பையன்கள் எல்லோருக்கும் கட்டிங்தான் பெரிய வித்தை என்ற நினைப்பு. இப்போது ஃபோட்டோஷாப்பே ஒரு கிளிக்கில் ஆளைத் தனியே எடுத்துத் தந்துவிடுகிறது. முடி மட்டும் தகராறு செய்யும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்த படமென்றால் அதற்கும் வழி உண்டு: முகத்தை மாஸ்க் போட்டுவிட்டு, தலைமுடிப் பகுதியை இன்னொரு லேயரில் மல்டிப்ளையில் வைத்தால் சுவர் மறைந்து முடி நிற்கும். புதிதாக வைக்கும் பின்னணியும் வெளிச்சமாக இருந்தால்தான் இது எடுபடும். ஆனால் ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஓரமல்ல, வெளிச்சம்.

அதனால் எதையும் வெட்டுமுன் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கண்ணுக்குள் மினுங்கும் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். பிறகுதான் பின்னணி தேடுவது. இங்கே எல்லோரும் கேட்பது செல்லார்கோவில் விளிம்பிலிருந்து தெரியும் கம்பம் பள்ளத்தாக்கு. அது கிழக்கே பார்த்த இடம். காலையில் சூரியன் பள்ளத்தாக்குக்குப் பின்னாலிருந்து எழுவதால் அந்தப் படத்தில் நிற்கும் ஆளின் முகம் இருண்டுதான் இருக்க வேண்டும். பளிச்சென்ற ஸ்டூடியோ முகத்தை அங்கே வைத்தால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். சாயங்காலம் எடுத்த பள்ளத்தாக்கு என்றால் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து போகிறது, முகம் பொருந்திவிடும். ஆகவே ஒரே இடத்தைப் பல நேரங்களில் எடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறேன். கேமராவை ஆளின் கண் உயரத்தில் வைத்து எடுத்தவைதான் உதவுகின்றன. மேலிருந்து குனிந்து எடுத்தவற்றில் ஆள் மிதக்கிறார்.

தூரத்து மலை சாம்பலும் நீலமுமாக மங்கித்தான் தெரியும். அதில் முழுக் கறுப்பு எங்குமே கிடையாது. முன்னால் நிற்பவரின் முடி கறுப்பாக இருக்கலாம், பின்னணியில் அப்படி இருக்கக் கூடாது. கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பள்ளத்தாக்கைப் பளபளப்பாக்கினால் காலண்டர் அட்டை மாதிரி ஆகிவிடும். ஏலத்தோட்டத்தைப் பின்னணியாக வைப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நிழல்மரத்தடியில் வருவது பச்சை வெளிச்சம். வெள்ளை வேட்டியிலும் தாடையின் அடியிலும் லேசாகப் பச்சை ஏற்றாவிட்டால் ஆள் தோட்டத்துக்குள் நிற்க மாட்டார்.

சட்டை மாற்றுவது எளிது, ஆனால் டெம்ப்ளேட்டை இடவலமாகத் திருப்பக் கூடாது. ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும். திருப்பினால் வலதுக்குப் போய்விடும். முகத்தைத் திருப்பினால் இன்னும் மோசம்: வகிடு, மச்சம், மூக்குத்தி எல்லாம் இடம் மாறும். கூட வாழ்ந்த மனுஷிக்கு அது வேறு ஆளாகத் தெரியும்.

சின்ன முகத்தைத் தெளிவாக்கித் தரும் ஏஐ செயலிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அட்டையில் இல்லாத விவரத்தை அவை எங்கிருந்து எடுக்கும்? எங்கெங்கோ பார்த்த முகங்களிலிருந்து கண்ணையும் பல்லையும் கொண்டுவந்து வைக்கின்றன. 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் 300 டிபிஐயில் வேண்டுமென்றால் 3600க்கு 5400 பிக்சல் தேவை. விரல்நுனி அளவு முகத்தில் அது கிடையாது. நான் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பிரிண்ட் அளவைச் சிறிதாக்கச் சொல்வேன். கேட்கவில்லை என்றால் படம் முழுக்க, பின்னணியிலும் சேர்த்து, ஒரே அளவு நுண்புள்ளி (கிரெய்ன்) தூவிவிடுவேன். முகம் மங்கலாகவும் பின்னணி கூர்மையாகவும் இருந்தால்தான் கண் உறுத்தும்.

ஒட்டுவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த பழக்கமும் அல்ல. 1858இல் இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் பெண்ணும் குடும்பமுமாக ஒரே படம் அச்சிட்டார். அத்தனையும் நடிக்கவைத்து எடுத்தவை. நம் பழைய ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவ் மேல் பென்சிலால் சுருக்கத்தைக் குறைத்தார்கள். ஃபோட்டோஷாப் 1990இல்தான் வந்தது. அதில் லேயர் வசதி 1994இல்.

சருமத்தில் நான் தொடுவது குறைவு. அன்றைக்கு வந்த பரு, வியர்வை மினுக்கம், அட்டையின் முத்திரைக் கோடு போகலாம். தழும்பும் நெற்றிச் சுருக்கமும் போகக் கூடாது. "கொஞ்சம் கலர் ஏத்துங்க" என்று கேட்டால் சருமத்தை வெளுக்காமல் கன்னத்து வெளிச்சத்தை மட்டும் சற்றுக் கூட்டுகிறேன். கறுத்த சருமத்தை வெளுக்க இழுத்தால் சிவப்பு வற்றிச் சாம்பல் பூத்துவிடும். கேட்டவர்களுக்கே அது பிடிப்பதில்லை. பாஸ்போர்ட் படத்தில் இந்த வேலை எதுவும் கூடாது. வெள்ளைத் திரை போட்டு நேராக எடுத்துத் தருவதே சரி.

கடைசியாகப் பிரிண்ட். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் ஜன்னல் சின்னது, படம் பெரும்பாலும் வாசலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கும். திரையில் சரியாகத் தெரிவதைவிட ஒரு படி வெளிச்சம் கூட்டி, வாசல் வெளிச்சம் பட்டுப் பளபளக்காதபடி மேட் தாளில் அடிக்கச் சொல்கிறேன்.