பழைய ஜிப்ஸிக்குப் புதிய ஷாக் அப்சார்பர்

நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங்கையே ஆதாரமாகக் கொண்ட பழைய மாருதி ஜிப்ஸியில், பாரத்தைச் சுமப்பது அந்தப் பட்டைகளேயன்றி ஷாக் அப்சார்பர் அன்று. ஆகையால் பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் வண்டிக்கு முதலில் பட்டைகளைச் சோதிப்பதே கிரமம். ஷாக் அப்சார்பரின் தண்டோரம் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் மாற்றியே தீரவேண்டும். கரடுமுரடான மலைப்பாதையில் நெடுநேரம் ஓடுகையில் சாதாரண ஷாக் அப்சார்பரின் எண்ணெய் சூடேறி நுரைத்துச் சக்தியை இழக்குமாதலால், அத்தகைய பிரயாணம் மிகுந்தவர்களுக்கு வாயு நிரப்பியதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். உயரமான பட்டைகள் பூட்டியிருந்தால், ஸ்பிரிங் முற்றிலும் தொங்கும்போதும் முற்றிலும் அமுங்கும்போதும் மேல், கீழ்ப் பூட்டுகளுக்கு இடையேயுள்ள தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். நீளம் குறைந்தது இழுபட்டு அறும், மிகுந்தது உள்ளே முட்டிப் பாழாகும். ஒரே அச்சின் இருபுறமும் ஜோடியாகவே மாற்றி, ரப்பர் புஷ்களையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.