வெப்பப் பம்பியும் வெப்பநிலைநிறுத்தியும்

கடற்காற்று ஓயாத பள்ளிவாசல்துறையில் வாழும் நமக்கு, வீட்டைச் சூடாக்கும் பொறியைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவலாம். எனினும், நம் பழைய மாணவர் பலர் இன்று குளிர்நாடுகளில் இல்லறம் நடத்துகின்றனர். கனடாவில் வாழும் ஒருவர் சென்ற பனிக்காலத்தில் தொலைபேசியில் நம்மை அழைத்து, "சேர், ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறா. சூட்டுக்குப் போட்டால் குளிர்காற்றுத்தான் வருகுது. அம்மா நடுங்கிக்கொண்டிருக்கிறா" என்றார். தமிழாசிரியரிடமா இதனைக் கேட்பது என முதலில் நகைத்தோம். ஆயினும், முறையாக வினவி விடை காணுதல் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவன்றோ?

பொறியின் இயல்பு

நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளிருந்து வாங்கிய வெப்பத்தை அது வெளியே தள்ளுகின்றது. வெப்பப் பம்பியும் அவ்வாறே வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை வாங்கி வீட்டினுள் சேர்க்கின்றது. இக்கருத்தைக் கெல்வின் பிரபு 1852இல் வெளியிட்டார். 1938இல் சூரிச் நகர மண்டபம் லிம்மாற் ஆற்று நீரின் வெப்பத்தால் இம்முறையிற் சூடாக்கப்பெற்றது. ஓரலகு மின்னைச் செலவிட்டு ஏறக்குறைய மூன்றலகு வெப்பம் பெறலாம். குளிர் மிகுந்தால் அப்பயன் குறையும். அக்குறையை நிரப்பவே துணைச் சூடாக்கி உளது. அதுவோ ஓரலகு மின்னுக்கு ஓரலகு வெப்பமே தரும்.

ஆளும் கருவி

இப்பொறியை இயக்கி நிறுத்துவது வெப்பநிலைநிறுத்தி. மின்னால் இயங்கும் இவ்வகைக் கருவிக்கு 1883இல் உரிமை பெற்ற வாரன் ஜோன்சன் என்பார், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ஆசிரிய கலாசாலையொன்றிற் கற்பித்தவர் என்பது ஆசிரியராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதாம். இக்காலத்துக் கருவியில் எந்நேரத்துக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என முன்னரே குறித்து வைக்கலாம்.

பழுது காணும் முறை

முதலாவது, திரை இருண்டிருப்பின் மின்கலத்தையும் மின்தடுப்பானையும் நோக்குக. இரண்டாவது, கடிகாரம் முற்பகல் பிற்பகல் மாறியிருப்பின் பகல் இரவாகும், அதனைத் திருத்துக. மூன்றாவது, 'அவசரச் சூடு' என்னும் நிலையில் விடப்பட்டிருப்பின் பம்பி ஓயும். துணைச் சூடாக்கியே உழைக்கும். நான்காவது, வெளிப்பொறியைப் பனி மூடியிருப்பின் அகற்றுக. அது சிலவேளை ஆவி கக்குவதும், வீட்டினுள் சில நிமிடம் குளிர்காற்று வீசுவதும் படிந்த உறைபனியைத் தானே உருக்கும் செயலாகும், பழுதன்று.

நம் மாணவர்க்கு இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை. "அண்மையில் எதனை மாற்றினீர்?" என்றோம். பழைய கருவியை நீக்கிப் புதியதைத் தாமே பொருத்தியதாகக் கூறினார். "சற்று நேரம் குளிருக்கு மாற்றிப் பாரும்" என்றோம். வெதுவெதுப்பான காற்று வந்தது! காரணம் விளங்கிற்று. வெப்பம் செல்லும் திசையை மாற்றும் வால்வொன்று பம்பியில் உண்டு. சில பொறிகளில் அதற்குக் குளிரூட்டும்போது மின் செல்லும். வேறு சிலவற்றிற் சூடாக்கும்போது செல்லும். புதிய கருவியில் அத்தெரிவு தலைகீழாக இருந்தது. கைநூலைப் பார்த்து அதனை மாற்றினார். சிறிது நேரத்தில் அன்னையின் குரலே கேட்டது: "இப்ப நல்லாயிருக்கு சேர்."

மற்றுமொன்று. இரவில் ஆறு பாகை தாழ்த்தி விடியலில் உயர்த்துமாறு அவர் குறித்திருந்தார். அவ்வாறு ஒரேயடியாக உயர்த்தினால் பம்பியால் எட்ட இயலாது துணைச் சூடாக்கி எரியும். மிச்சப்படுத்த எண்ணியது செலவாய் முடியும். ஓரிரு பாகை தாழ்த்துதலே அமையும் என்றோம்.

கருவியைத் திறக்குமுன் மின்னைத் துண்டித்தல் வேண்டும். குளிரூட்டி வாயுவில் தாமே கைவைத்தல் ஆகாது. அது பயிற்சி பெற்றோர் தொழில்.

மாணவர்காள்! பழுது கண்டவுடன் பொறியைப் பழியாதீர். இறுதியாக மாறியது யாது என வினவுங்கள். ஒருநேரத்தில் ஒன்றையே மாற்றிப் பாருங்கள். வாக்கியத்திற் பிழை தேடும்போதும் நாம் கைக்கொள்ளும் முறை இதுவே.