உடலைக் காணும் உள்ளம்

பதின்பருவத்தில் உடல் விரைந்து மாறுகிறது. அம்மாற்றத்தைப் பற்றிய எண்ணமும் உடன் வளர்கிறது. தியாகராய நகர்த் துணிக்கடையில் புத்தாடையை உடுத்திப் பார்க்கும் மாணவி கண்ணாடியில் காண்பது தன் தோற்றத்தை. பெசன்ட் நகர்க் கடற்கரையில் மூச்சிரைக்க ஓடி முடித்தபின் அவளே உணர்வது தன் ஆற்றலை. இவ்விரண்டையும் உள்ளடக்கியதே உடல்சார் தற்கருத்து.

ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள கருத்து கல்வி, உறவு, உணர்வு, உடல் எனப் பல கூறுகளை உடையது என்று ஷேவல்சனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1976ஆம் ஆண்டில் விளக்கினர். உடல் என்னும் கூற்றை ஃபாக்ஸ், கார்பின் ஆகியோர் 1989இல் விளையாட்டுத்திறன், உடல்தகுதி, வலிமை, தோற்றக்கவர்ச்சி என நான்காகப் பகுத்தனர். தோற்றம் நான்கில் ஒன்றே என்பது கருதத்தக்கது.

உளநோய் இக்கருத்தைப் பல வழிகளில் குலைக்கிறது. மனச்சோர்வுற்றவருக்கு எழுந்து நடப்பதே சுமையாகலாம். அவர் விளையாட்டிலிருந்து விலகுகிறார், விலகியதால் தளர்கிறார், அத்தளர்ச்சியையே தம் இயல்பெனக் கொள்கிறார். உண்ணும் பழக்கம் சார்ந்த நோய்களுள் சிலவற்றில், எலும்பு தெரிய மெலிந்த பின்னும் உடல் பருத்திருப்பதாகவே தோன்றும். மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் ஓலான்சபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டிச் சில மாதங்களிலேயே எடையைக் கூட்டுவதுண்டு. காதில் ஒலித்த குரல்கள் அடங்கியிருக்கும். பழைய சட்டையோ பொருந்தாது. வகுப்பில் ஒரு பட்டப்பெயர் பிறக்கும். அதைத் தாங்க இயலாதவர் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கும். இங்குக் கேலி வெறும் வேடிக்கையன்று. மருத்துவத்தையே முறிக்கும் செயல். எடை கூடுவதை மருத்துவரிடம் கூறினால், மருந்தை மாற்றவோ அளவைத் திருத்தவோ உணவையும் உடற்பயிற்சியையும் முறைப்படுத்தவோ வழியுண்டு.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய சாரதா மேனன், 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். நோயின் அறிகுறிகளைத் தணிப்பதோடு நில்லாமல், நோயுற்றோரின் மறுவாழ்வையும் அந்நிறுவனம் தன் பணியாகக் கொண்டது. உடலின்மீது நம்பிக்கையை மீட்பதும் அத்தகைய மறுவாழ்வின் ஒரு பகுதியே.

ஐந்து முதல் பதினேழு வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடப்பதும் அதில் அடங்கும். உடற்பயிற்சி மருந்துக்கு மாற்றன்று. எனினும் மனச்சோர்வைக் குறைக்கத் துணைபுரிகிறது. பள்ளி விளையாட்டு வேளையில், நோயுற்ற மாணவரை ஓரமாக அமரச் சொல்வது பரிவாகத் தோன்றலாம்; ‘உன்னால் இயலாது’ என்பதே அவர் செவியில் விழும். பந்தை அவரிடமும் எறியலாம்.