முட்டுக் கொடுத்த வீடு

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசத் தொடங்கியதும் சித்தூர் வட்டத்து எல்லைக் கிராமங்களில் மூட்டுவலியைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். வேலந்தாவளம் அத்தகைய ஓர் ஊர். கேரள மாநிலத்தைச் சேர்ந்தது. எனினும் கடைவீதியில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். சோதனைச் சாவடியைக் கடந்தால் கோயம்புத்தூர் மாவட்டம். தமிழர் ஆடி என்று கூறும் மாதத்தையே மலையாளிகள் கர்க்கடகம் என்கின்றனர். மருந்துக் கஞ்சி அருந்துவதற்கும் எண்ணெய்ச் சிகிச்சைக்கும் உரிய காலமாக அதைக் கருதுகின்றனர். எல்லையில் வாழ்பவர்களுக்கு மாதத்தின் இரு பெயர்களும் தெரியும். இரு மாநிலத்து வைத்தியர்களையும் தெரியும்.

இவ்வூரில் ஐம்பது வயதை நெருங்கும் பெண்மணி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க ஒரு மணி நேரமாகிறது. தண்ணீர்க் குடத்தைப் பற்றித் தூக்க இயலவில்லை. கோவையில் பரிசோதித்துப் பார்த்தபோது முடக்குவாதம் என்று தெரிந்தது. சரவாங்கி என்று வழங்குவதும் இதையே. மருத்துவர் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரையைத் தந்து, குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு கூறினார். வலி ஓரளவு தணிந்தது. ஆனால் அண்டை வீட்டாரும் உறவினரும் வேறு யோசனை கூறுகின்றனர்: ‘ஆங்கில மருந்து ஈரலைக் கெடுத்துவிடும். ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டும். இயற்கை மருந்துக்குப் பக்க விளைவே கிடையாது. நோய் வேரோடு போய்விடும்.’ மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அந்த அம்மையார் யோசிக்கிறார்.

இந்த யோசனை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நடுவயதில் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மூட்டு நோய் ஆகியவற்றுக்கு ஆளான பலர் இந்த இடத்தில் வந்து நிற்கின்றனர். இவர்கள் நம்பிக்கை வைக்கும் ஆயுர்வேத நூல்கள் இக்கேள்விக்கு என்ன விடை கூறுகின்றன என்பதை முதலில் காண்போம்.

வேரோடு போகுமா?

சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில், சிகிச்சையைத் தொடங்குமுன் வைத்தியன் செய்ய வேண்டிய ஆராய்ச்சி ஒன்று கூறப்படுகிறது. நோய் ஸாத்தியமா, அஸாத்தியமா என்று அவன் முதலில் அறிய வேண்டும். ஸாத்தியத்தில் எளிதில் தீர்வது, அரும்பாடுபட்டுத் தீர்ப்பது என்று இரு வகை உண்டு. அஸாத்தியத்திலும் இரு வகை உண்டு. ஒன்று, கைவிட வேண்டியது. மற்றொன்று யாப்யம்.

யாப்யம் என்ற சொல் இன்று மருத்துவம் பேசுவோர் நாவில் அரிதாகவே வருகிறது. முற்றிலும் தீராது, ஆனால் தக்க சிகிச்சையும் பத்தியமும் இருக்கும்வரை அடங்கியிருக்கும், சிகிச்சை நின்றால் மீண்டும் தலையெடுக்கும். இத்தகைய நோயே யாப்யம். சுசுருதர் இதற்கு ஓர் உவமை கூறுகிறார். விழவிருக்கும் வீட்டைத் திறமையாக நிறுத்திய முட்டுக்கால் தாங்குவதுபோல, முறையான சிகிச்சை யாப்ய நோயாளியைத் தாங்குகிறது என்பது அவர் கருத்து.

இவ்வுவமை ஆழ்ந்து எண்ணத்தக்கது. முட்டுக்கால் வீட்டைப் புதுப்பிப்பதில்லை. அதற்காக அதைப் பயனற்றது என்று யாரும் சொல்வதில்லை. அதன் நிழலில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்குகிறது. ‘எத்தனை நாள்தான் இந்தக் கட்டை நிற்பது?’ என்று சலித்து அதை உருவி எறிந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டுக்காரன் அறிவான். நோயாளிதான் அறிவதில்லை. வலி தணிந்த நாளில், ‘குணமாகிவிட்டதே, இனி மருந்தெதற்கு?’ என்று கேட்கிறான். முட்டுக்கால் தாங்கிக்கொண்டிருப்பதால்தான் வீடு நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறான்.

‘ஆயுள் முழுவதும் மருந்து’ என்பதை ஆங்கில மருத்துவத்தின் குறையாகச் சுட்டுகின்றனர். மேற்கண்ட பாகுபாட்டை நோக்கினால் இது எந்த மருத்துவ முறையின் குறையும் அன்று, அந்நோயின் இயல்பு என்பது விளங்கும். எல்லா நோயையும் வேரோடு பிடுங்குவோம் என்ற வாக்குறுதியைச் சரகரோ சுசுருதரோ தரவில்லை. அது விளம்பரங்கள் தருவது.

கோவையில் ஓர் ஆய்வு

வேலந்தாவளத்திலிருந்து சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய தொலைவில் இருபுறமும் புகழ்பெற்ற இரு வைத்தியசாலைகள் உள்ளன. மேற்கே மலப்புறம் மாவட்டத்தில், 1902ஆம் ஆண்டு வைத்தியரத்தினம் பி. எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆர்ய வைத்தியசாலை. கிழக்கே கோயம்புத்தூரில், 1943ஆம் ஆண்டு பி. வி. ராம வாரியர் நிறுவிய ஆர்ய வைத்திய பார்மசி. முடக்குவாதத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வொன்று பின்னதன் ஆய்வுப் பிரிவின் பங்கேற்புடன் கோவையில் நடந்தது. அமெரிக்க மருத்துவப் பேராசிரியர்களும் ஆயுர்வேத அறிஞர்களும் சேர்ந்து நடத்திய அதற்கு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் பொருளுதவி செய்தது. முடிவுகள் 2011ஆம் ஆண்டு வெளியாயின.

நோய் தொடங்கி ஏழாண்டுகள் கடவாத 43 பேர் அதில் பங்கு பெற்றனர். அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை, மற்றொன்றுக்கு ஆயுர்வேத மருந்து, மூன்றாவதற்கு இரண்டும். முதல் இரு குழுக்களுக்கும் மற்ற மருந்தைப் போலத் தோற்றமளிக்கும், மருந்துச் சத்தற்ற பொருளும் தரப்பட்டது. ஆகவே யார் எந்தக் குழு என்பதை நோயாளியும் அறியவில்லை, பரிசோதித்த மருத்துவரும் அறியவில்லை. ஆயுர்வேதத்தில் ஒவ்வொருவரின் தேக இயல்புக்கேற்ப மருந்து மாறும் அல்லவா? அந்த உரிமையையும் வைத்தியர்களுக்கு விட்டுவைத்தனர். இவ்விரண்டையும் ஒருசேரச் சாதித்ததே பெரிய செயல் எனலாம். 36 வாரங்களுக்குப் பின் பார்த்தபோது மூன்று குழுக்களுமே ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றிருந்தன. ஆயுர்வேத மருந்து மட்டும் உண்டவர்களிடம் பக்க விளைவுகள் எண்ணிக்கையில் சற்றுக் குறைவாகக் காணப்பட்டன.

இதைக் கேட்டதும் மகிழ்ச்சி உண்டாவது இயல்பு. ஆனால் ஆய்வை நடத்தியவர்கள் தாங்களே ஓர் எல்லை வகுத்துக்கொண்டனர். இது முன்னோடி ஆய்வு மட்டுமே. இத்தனை சிலரைக் கொண்டு இரு மருந்தும் சமம் என்று முடிவு கட்ட இயலாது. பெரிய அளவில் ஆய்வு தேவை என்றனர். வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே கஷாயம் அருந்தியவர் யாரும் தாமாக மருந்தைத் தேர்ந்துகொள்ளவில்லை. பயிற்சி பெற்ற வைத்தியர் மருந்தை வகுத்தார். குறித்த காலத்தில் நோயின் நிலையும் உடலின் நிலையும் பரிசோதிக்கப்பட்டன. அண்டை வீட்டார் சொன்னார் என்று ஒரு பொட்டலம் வாங்கி உண்பதற்கு இந்த ஆய்வைச் சான்று காட்ட வழியில்லை.

இயற்கை என்ற சொல்

இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்னும் எண்ணத்துக்குச் சாஸ்திரத்தில் ஆதாரம் இல்லை. முறையறிந்து பயன்படுத்தினால் விஷமும் மருந்தாகும், முறை தவறினால் மருந்தும் விஷமாகும் என்பதே சரகரின் கொள்கை. சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொள்வோம். தலைமுறை தலைமுறையாக இந்நாட்டு வைத்தியர் கையாண்டது அது. 1949ஆம் ஆண்டு பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அது இரத்தக் கொதிப்பைத் தணிப்பதைப் பற்றி வெளிநாட்டு இதழ் ஒன்றில் கட்டுரை எழுதியபின் உலகமே அதை வியந்து ஏற்றது. பின்னர், அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் சிலரிடம் மனச்சோர்வை உண்டாக்குவதாகவும் அறிக்கைகள் வந்தன. வலிய மருந்துக்கு இரு முனையும் கூர்மைதான்.

அண்மைக் காலத்தில் சீந்தில் கொடி பற்றி எழுந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். கொரோனாக் காலத்தில் பலர் அதைத் தாமாகவே நாள்தோறும் உட்கொண்டனர். அவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதாக 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஈரல் மருத்துவ நிபுணர்கள் அறிவித்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வாதம் எப்படியாயினும், ஏற்கெனவே ஈரலைப் பாதிக்கக்கூடிய மாத்திரை உண்பவர் அதைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் இன்னொரு மருந்தைச் சேர்ப்பது ஆபத்து. அதே போல, சந்தையில் விற்கும் பெயரில்லாப் பொடி இரண்டே நாளில் வலியை மாயமாக்கினால் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

1901, பேலூர்

சுவாமி விவேகானந்தரின் இறுதிக்கால வரலாற்றில் இது தொடர்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1901ஆம் ஆண்டு, கிழக்கு வங்காளப் பயணத்திலிருந்து திரும்பியபின், நீரிழிவும் உடல் வீக்கமும் அவரை வருத்தின. அப்போது அவருக்கு வயது 38. சுவாமி நிரஞ்ஜனானந்தரின் வேண்டுகோளுக்கு இணங்கிக் கவிராஜரின் ஆயுர்வேத சிகிச்சையை மேற்கொண்டார். கடுங்கோடையில் 21 நாட்கள் தண்ணீர் அருந்தலாகாது என்பது பத்தியம்! பாலைக் கொண்டே தாகத்தைத் தணித்துக்கொண்டார். முடிவு செய்துவிட்டபின் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கவே மறுக்கிறது என்று அவர் கூறியதைச் சீடர் சரத்சந்திர சக்கரவர்த்தி பதிவு செய்திருக்கிறார்.

நாம் வியப்பது அந்த மனவுறுதியை. ஆனால் அதே உரையாடலில் சுவாமிஜி தம் சொந்தக் கருத்தையும் மறைக்காமல் கூறினார். நவீன விஞ்ஞானம் அறியாமல், பழைய நூல்களையும் ஐயமறக் கல்லாமல், அவற்றைக் கண்மூடிப் பின்பற்றுவோரிடம் குணமடைவதை எதிர்பார்ப்பதைவிட, விஞ்ஞானம் கற்ற மருத்துவரின் சிகிச்சையில் இறப்பதும் மேல் என்பது அதன் சாரம். சகோதரத் துறவிகளின் அன்புக்காகவே சிகிச்சையை ஏற்றார். ஏற்றபின் பத்தியத்தை அணுவளவும் மீறவில்லை. ஆயினும் அன்புக்காகத் தம் அறிவை மூடிக்கொள்ளவில்லை. அந்நாளில் நீரிழிவுக்கு இன்சுலின் இல்லை. அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1922ஆம் ஆண்டில்தான். இன்று அது கையில் இருக்கும்போது அதை நிறுத்திவிட்டுக் கசப்புச் சாற்றை மட்டும் நம்பி உயிரை இழப்போரைப் பற்றி என்ன சொல்வது?

நான்கு பாதங்கள்

சிகிச்சைக்கு நான்கு பாதங்கள் என்கிறார் சரகர்: வைத்தியன், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. நோயாளிக்கு வேண்டிய குணங்களுள் ஒன்று, தன் நிலையை ஒளிக்காமல் உரைத்தல். நடைமுறையில் பெரிதும் தவறுவது இங்கேதான். கோவை மருத்துவரிடம் கஷாயத்தைப் பற்றிச் சொல்வதில்லை. வைத்தியரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்வதில்லை. ஒருவர் கோபிப்பார், மற்றவர் வருந்துவார் என்னும் அச்சம். இதனால் இருவருமே பாதி நோயைத்தான் பார்க்கின்றனர்.

பிரஜ்ஞாபராதம் என்பதையும் சரகர் நோய்க்குக் காரணமாகக் கூறுகிறார். அறிவு, உறுதி, நினைவு ஆகியவை தவறித் தனக்கே தீங்கு செய்துகொள்ளுதல் அது. முடக்குவாதம் வருவதற்கு அந்த அம்மையார் செய்த குற்றம் எதுவும் இல்லை. அது உடலின் காப்பாற்றல் தன் மூட்டுகளையே பகைப்பதால் வருவது, பெண்களிடம் மிகுதி. ஆனால் வந்தபின், தெரிந்தே மாத்திரையை நிறுத்துவது இந்தக் கணக்கில் சேரும். சிகிச்சையற்ற மூட்டில் எலும்பு அரிப்பு முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடலாம்; அரித்த எலும்பை எந்தத் தைலமும் திரும்பத் தராது.

எனவே ஆடி பிறந்ததும் அவர் வைத்தியசாலைக்குச் செல்வதில் தடையில்லை. எண்ணெய் தேய்த்து ஒற்றடம் இடுவதால் விறைப்புத் தளரலாம். பத்தியத்தால் உடல் இலேசாகலாம். செல்லும்போது மாத்திரைச் சீட்டையும் கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளையும் பையில் எடுத்துச் செல்லட்டும். நல்ல வைத்தியர் முதலில் அவற்றைத்தான் கேட்பார். கஷாயம் ஏதேனும் எழுதித் தந்தால் அந்தச் சீட்டு அடுத்த முறை கோவைப் பேருந்தில் மருத்துவரிடம் போகட்டும். மாத்திரையின் அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை, இரண்டு தாள்களையும் ஒருசேரப் பார்த்தபின் மருத்துவர் சொல்வார்.