டயர் காற்றும் டீசல் கணக்கும்

துவரம் பருப்பு கிலோவுக்கு ஐம்பது காசு கூடினால் நாம் நாலு மண்டிக்குப் போன் போட்டு விசாரிக்கிறோம். அந்தப் பருப்பைச் சுமந்து வரும் வண்டியின் டயரில் காற்று எவ்வளவு என்று கேட்டால் டிரைவரைக் கைகாட்டுகிறோம். 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகு, ரங்கே கவுடர் வீதியில் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரர்களில் பலர் வாடகை டெம்போவை விட்டுச் சொந்த வண்டிக்கு மாறிவிட்டனர். வண்டி சொந்தம் என்றால் அதன் கணக்கும் நம்முடையதுதானே!

முதலில் புது டயர் விஷயம். நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரி நாலு டயரும் புதிதாகப் போட்டார். அதுவரை லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி மறு வாரமே 15க்கு இறங்கியது. டிரைவர் டீசல் எடுத்து விற்கிறார் என்று முடிவு கட்டி, ஆறு வருடம் வேலை செய்தவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். அடுத்து வந்த டிரைவரிடமும் அதே 15தான்.

காரணம் டயரில் இருக்கிறது. டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி நசுங்கி நிமிர்கிறது. அதில் வீணாகும் சக்தி சூடாகப் போகிறது. புது டயரில் பட்டன் கனமாக இருப்பதால் நசுங்கும் ரப்பரும் அதிகம். தேய்ந்த டயர் இலகுவாக உருளும். ஆகவே புது டயரில் மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பு. தேயத் தேயக் கொஞ்சம் திரும்பி வரும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கிலோமீட்டர் மீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. 8 மில்லிமீட்டர் பட்டன் 2 ஆகத் தேய்ந்தால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் குறைகிறது. அரை மீட்டரை ஒட்டிய சிறு சக்கரத்தில் இது ஏறக்குறைய 2 சதவீதம். பழைய டயரில் 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 102 காட்டும். புது டயர் போட்டதும் அந்த இரண்டு கிலோமீட்டர் கணக்கிலிருந்து மறைந்துவிடும். திருட்டே நடக்காது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் டயர் மாற்றிய மாதத்துக் கணக்கை வைத்து ஒருவர் பிழைப்பில் கை வைக்கக்கூடாது. ஆடி மாதக் கணக்கும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்துப் பொள்ளாச்சிப் பக்கம் போகும் வண்டிக்கு மைலேஜ் குறையாமல் என்ன செய்யும்?

இனி காற்று. பஞ்சர் கடையில் ‘30 பவுண்டு, 40 பவுண்டு’ என்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு. நம் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கம்பெனி கொடுத்த புத்தகத்திலும் கதவு ஓரத்து ஸ்டிக்கரிலும் பார்க்கலாம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, பாரத்தோடு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். பஞ்சர் கடைத் தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குச் சொன்ன கணக்கு. நம் வண்டிக்கும் அதையே வைத்துப் பார்ப்போம். பத்துப் பவுண்டு குறைவாக ஓடினால் 2 சதவீதம். மாதம் 2,400 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்றால் 160 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 14,400 ரூபாய். அதில் 2 சதவீதம் 288, வருடத்துக்கு 3,456. அரிசிச் சிப்பத்துக்கு 25 ரூபாய் நமக்கு நிற்கிறது என்றால், 138 சிப்பம் விற்ற லாபம் காற்றோடு போகிறது. ஓரம் தேய்ந்து டயர் சீக்கிரம் போகும் நஷ்டம் இதில் சேரவில்லை.

பஞ்சரே இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு பவுண்டோ இரண்டோ தானாகக் குறையும். காலையில் வண்டி கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரி. ஓடிய டயர் சூட்டில் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்குவது பெரிய தவறு. ‘சித்திரை வெயிலில் வெடித்துவிடும், ரெண்டு பவுண்டு குறைச்சு வையுங்க’ என்பதும் அப்படியே. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடங்கி, இன்னும் சூடேறித்தான் வெடிக்கும். அளவுக்கு மேல் அடித்தாலும் ஆகாது. ரோட்டில் படும் பரப்பு குறைந்து பிரேக் பிடிமானம் போகும், நடுப்பகுதி தேயும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மளிகை ஏற்றிப் போய், வரும்போது உருளைக்கிழங்கும் காய்கறியும் இறக்கி வருகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மலை ஏறினால் காற்று கூடும், குறைத்துக்கொள் என்று சிலர் சொல்வார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் மூன்று பவுண்டு அளவுக்குக் கூடிக் காட்டும் என்பது உண்மை. ஆனால் மேலே குளிர். 20 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய அதே அளவு இறங்கிவிடும். ஒன்றுக்கொன்று சரியாகிப் போகும். கீழே சரியாக வைத்த காற்றோடு அப்படியே போய் வரலாம்.

புது டயரின் மேல்பூச்சில் வழவழப்பு இருக்கும். முதல் 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக், வேகத் திருப்பம் வேண்டாம். போட்ட மறுநாளே முழுப் பாரத்தோடு கல்லாறு தாண்டி அனுப்பாமல், நாலு நாள் அவிநாசி, சூலூர் என்று ஓட்டிய பிறகு அனுப்புவதே நல்லது.

இரண்டே டயர் வாங்கினால் முன்னுக்குப் போடுவது நம் ஊர் வழக்கம். டயர் கம்பெனிகள் பின்னுக்குப் போடச் சொல்கின்றன. மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகம் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே திரும்பிவிடும். எந்த டயரானாலும் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றியாக வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு பட்டனுக்குச் சமமாகத் தெரிந்தால் அந்த அளவு வந்துவிட்டது என்று பொருள்.

வாங்கும்போது, பாக்கெட் சரக்கில் தேதி பார்ப்பது போல டயரிலும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத் தயாரிப்பு. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். அதில் காற்று இருக்கிறதா என்று பஞ்சர் ஆன பிறகுதான் பலர் பார்க்கிறார்கள். ஒரு கேஜ் வாங்கித் தராசு பக்கத்தில் மாட்டிவையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டிரைவரை வைத்தே அளந்து, டீசல் நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே ஐந்து டயரின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். டயர் மாற்றினால் மீட்டர் எண்ணையும் சேர்த்து.