கடத்தூரில் மெடிக்கல் திறக்கும் தம்பிக்கு



லைசென்ஸ், ஃப்ரிட்ஜ், பில் புத்தகம் எல்லாம் உனக்கே தெரியும். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அட்டையில் சிவப்பெழுத்தைப் பார்க்கப் பழகு. 'ஆர்எக்ஸ்' என்றால் சீட்டு வேண்டும். 'என்ஆர்எக்ஸ்' என்றால் 1985 போதைப்பொருள் சட்டமும் உன் கடைக்குள் வந்துவிட்டது. டிரமடால் 2018இல்தான் அதில் சேர்ந்தது. அதுவும் அல்பிரசோலமும், விற்பதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டிய எச்1 பட்டியலிலும் உண்டு.

சந்தை நாள் கூட்டத்தில் ஒருவர் போனை நீட்டுவார்: "டாக்டரு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாருண்ணா, ரெண்டு அட்டை குடுங்க." 2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல்படி, போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்தைப் பொதுவாக டாக்டரே போனில் எழுதக் கூடாது. அதே மாதம் மருந்தை வீட்டுக்கே அனுப்ப அனுமதி தந்தபோதும் இவற்றை அதில் சேர்க்கவில்லை. இதைச் சொல்லிவிட்டால் வாக்குவாதமே வராது.

காகிதச் சீட்டில் தேதி, கையெழுத்து, நோயாளியின் பெயர், முகவரி, அளவு, எத்தனை மாத்திரை என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் உற்றுப் பார். 10ஐ 100 ஆக்க ஒரு சுழி போதும், மை மாறியிருக்கும். சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் போடு, கூச்சப்படாதே.

கொடுத்ததும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடை முத்திரையும் தேதியும் போடு. மறுபடி கொடுக்கலாம் என்று அவர் எழுதாதவரை அந்தச் சீட்டின் வேலை முடிந்தது. முத்திரை விழாத சீட்டு அன்று சாயங்காலமே பொம்மிடி, அரூர் கடைகளுக்கும் போகும். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் நம் மாநிலத்தில் எப்படிப் பரவியிருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எச்1 பதிவேட்டை அப்போதைக்கப்போது எழுது. மூன்று வருஷம் வைத்திரு. ஆய்வுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதியதை இன்ஸ்பெக்டர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார். ஒரே பேனா, ஒரே சாய்வு. ஷெட்யூல் எக்ஸ் மருந்துக்குத் தனி லைசென்ஸ், இரட்டைச் சீட்டு, பூட்டிய அலமாரி வேண்டும். முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாதே.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நமக்கெதுக்கு வம்பு" என்று எல்லாவற்றையும் 'ஸ்டாக் இல்லை' ஆக்கிவிடாதே. எனக்கு அதுதான் பெரிய கவலை. சட்டப்படி அபின் விளைவிக்கும் இந்த நாட்டில், 1985க்குப் பிறகு புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைக்காமல் போனதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வழியாக அதைக் கொடுக்க வழிசெய்தார்கள். மார்ஃபின் கேட்டு வருபவரைத் துரத்தாமல், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கச் சொல். வலிப்புக்கு க்ளோபசாம் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும். சீட்டு சரியாக இருந்தால் முகம் சுளிக்காமல் கொடுத்தனுப்பு.

மதியம் சாப்பிடப் போகும்போது இந்த மாத்திரைகள் இருக்கும் அலமாரிச் சாவியை உன்னோடு எடுத்துப்போ. கடைப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், பதிவுபெற்ற மருந்தாளுநர் நீதான்.

அன்புடன்,
அண்ணன்